சத்தமில்லாத வண்டி

ஊசிப்பாறை மேட்டில் பதினான்கு முயல்குட்டிகள் இருந்தன. பிறந்து பத்து நாள்தான். ஓடத் தெரியும். செந்நாயிடம் ஓடித் தப்பத் தெரியாது.

செந்நாய்க் கூட்டம் ஆற்றின் அக்கரையில் வந்து உட்கார்ந்திருந்தது. ஆற்றில் வெள்ளம். வடிய மூன்று நாள் ஆகும் என்று மீன்கொத்தி சொன்னது. வடிந்தால் செந்நாய் இக்கரைக்கு வரும். மேட்டுக்கு ஏறும். அப்புறம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

காத்தாயி என்று ஒரு தாய் முயல். பதினான்கில் மூன்று அதனுடையவை. குட்டிகளை மற்ற தாய்களிடம் விட்டுவிட்டு, மலையிறங்கி, அடிவாரத்தில் இருந்த காட்டுப்படை முகாமுக்கு ஓடியது. படையிடம் வண்டி உண்டு. குட்டிகளை ஏற்றி, முகாமின் முள்வேலிக்குள் கொண்டுவந்து இறக்கினால் போதும். செந்நாய் அதற்குள் வராது.

படையிடம் ஒன்றல்ல, இரண்டு வண்டிகள் இருந்தன. அதுதான் தொல்லை.

ஒன்று பழைய டீசல் ஜீப். அதை ஓட்டியது உத்தண்டம் என்ற கரடி. இன்னொன்று புது பேட்டரி வண்டி. வந்து ஒரு வாரம் ஆகிறது. அதற்காகப் பேசியது சிங்காரம் என்ற மயில். பேசியது மட்டும்தான். ஓட்டியது சடையாண்டி என்ற குரங்கு. இவற்றுக்கெல்லாம் மேலே தளபதி வீரபாகு. காட்டெருமை. பெரிய உடம்பு, நல்ல மனசு. முடிவு எடுக்கச் சொன்னால் மட்டும் வியர்த்துவிடும்.

காத்தாயி போய் நின்றபோது சபை நடந்துகொண்டிருந்தது. இனிமேல் படைக்கு டீசலா, பேட்டரியா? இதுதான் விவாதம். இரண்டு நாளாக நடக்கிறதாம்.

உத்தண்டம் அடித்தொண்டையில் பேசியது. ஜீப்புக்கு ஐந்து நிமிஷத்தில் டீசல் ஊற்றலாம். கேனில் கட்டி எங்கேயும் எடுத்துப் போகலாம். பேட்டரி வண்டியைப் பாறைமேல் இருக்கும் சோலார் தகட்டில் மாட்டிவிட்டு ஒரு பகல் முழுக்கக் காத்துக் கிடக்க வேண்டும். மேகம் மூடினால் இரண்டு பகல். எதிரி அதுவரைக்கும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பானா?

"போர்க்களத்துல பிளக் பாயின்ட் எங்கேய்யா இருக்கு?" என்று கேட்டது. காட்டுப்பன்றிகள் சிரித்தன.

சிங்காரம் கழுத்தை நீட்டியது. டீசல் மட்டும் மழையோடு பெய்கிறதா என்று கேட்டது. காட்டின் எல்லையிலிருந்து எட்டுப் பன்றிகள் பீப்பாயை உருட்டிக்கொண்டு வருகின்றன. எதிரி ஜீப்பைத் தொடவே வேண்டாம். வழியில் பன்றிகளை மடக்கினால் போதும், படை மொத்தமும் படுத்துவிடும்.

பன்றிகள் சிரிப்பதை நிறுத்தின.

"அண்ணன் ஜீப் வர்றதுக்கு முன்னாடி அதோட இருமல் வந்துடும். எதிரி எழுந்து, முகம் கழுவிட்டு, தயாரா நிப்பான்" என்றது மயில்.

கரடிக்கு மூக்கு விடைத்தது. புது வண்டி யானைக்குட்டி கனம் என்றது. சேற்றில் இறங்கினால் ஏறாது. வந்த அன்றைக்கே சேற்றில் சிக்கிய அதைக் கயிறு கட்டி இழுத்ததே ஜீப்தான். அப்படியானால் ஜீப் காலையில் கிளம்பாதபோது பின்னால் நின்று தள்ளுவது யார் என்று மயில் கேட்டது. தள்ளுவதும் பன்றிகள்தான். அவை தரையைப் பார்த்தன.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. காத்தாயிக்கே அது புரிந்தது. ஆனால் பேச்சு எங்கேயும் போய்ச் சேர்கிற மாதிரி தெரியவில்லை. அது முன்னால் வந்து குட்டிகளின் நிலையைச் சொன்னது. வெள்ளம் வடிவதைச் சொன்னது. போன மாதம் உப்பு மூட்டை ஏற்ற ஜீப் மேட்டுக்கு வந்ததையும் சொன்னது. ஜீப் போகிற இடத்தில் இரை இருக்கும் என்று செந்நாய்க்குப் பழகிப்போயிருந்தது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு பெரிய முயல்கள் வளைக்குத் திரும்பவில்லை.

உத்தண்டம் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டது.

"கட்டாயம் வண்டி அனுப்புவோம்மா" என்றது வீரபாகு. "எந்த வண்டின்னு மட்டும் முடிவாகட்டும்."

"எப்போ முடிவாகும் ஐயா?"

"குழு போட்டிருக்கேன்."

குழுவில் இரண்டு பேர். கரடியும் மயிலும்.

மறுநாள் காலை, பேட்டரி வண்டியை ஓட்டிச் சோதிக்க வேண்டும் என்று குழு அறிவித்தது. காத்தாயிக்கு உயிர் வந்தது. ஆனால் பூஜை போடாத வண்டியை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று பன்றிகள் சொல்லிவிட்டன. சரி, பூஜை. முன்கண்ணாடியில் சந்தனம், குங்குமம். நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று. கட்டிய வாழையைக் காவல் யானை தின்றுவிட்டது. மறுபடி கட்டவேண்டியிருந்தது.

பூஜைக்குப் பிறகு மரியாதை. முதல் ரவுண்டு தளபதிக்கு. தளபதியை ஏற்றிவிட்டு உபதளபதியை விட முடியுமா? உபதளபதி ஏறினால் அதன் மாமனார் ஏறாமல் இருப்பாரா? முகாமைச் சுற்றி ஆளுக்கு ஒரு ரவுண்டு. ஏறியவர்கள் எல்லோரும் விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். விசிறியைச் சுற்றவிட்டு, நல்ல காற்று என்றார்கள். சாயங்காலம் சடையாண்டி மீட்டரைப் பார்த்தது. நூறில் இருந்தது இருபதுக்கு வந்திருந்தது. வண்டி முகாமைவிட்டு ஓரடி தாண்டவில்லை.

வண்டி தாங்காது என்பது இதிலேயே தெரிகிறது என்றது கரடி. நாள் முழுக்க ஒரு சத்தம் கேட்டதா என்றது மயில். இரண்டும் தங்கள் கட்சி ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு தூங்கப் போயின. காத்தாயிக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் வானம் மூடிக்கொண்டது. சோலார் தகட்டில் மாட்டிய வண்டி, நோயாளி கஞ்சி குடிப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தது. அன்றைக்குத்தான் புதுப் பிரச்சினை ஒன்று கிளம்பியது.

முந்தின நாள் தளபதி வண்டியில் வந்தது யாருக்கும் தெரியவில்லையாம். வாசலில் காவல் நின்ற கீரி, முதுகைக் காட்டிக்கொண்டு அக்குளைச் சொறிந்தபடி நின்றதாம். வணக்கம் வைக்கவில்லை. ஜீப்பாக இருந்தால் ஒரு மைல் முன்னாலேயே எழுந்து நின்றிருக்கும். வீரபாகு வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. மத்தியானம் புல்லை மட்டும் பாதியில் வைத்துவிட்டது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

குழு கூடியது. கரடியும் மயிலும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே முடிவுக்கு வந்தன. வண்டி பேட்டரியில் ஓடட்டும். ஆனால் மேலே ஒலிபெருக்கி ஒன்று கட்டப்படும். அதன் முன்னால் ஒரு மலைமைனா உட்கார்ந்து, ஜீப் மாதிரி உறுமிக்கொண்டு வரும். படையின் கௌரவமும் நிற்கும், டீசலும் மிச்சம்.

மைனாவைக் கூட்டிவந்து பழக்கினார்கள். கெட்டிக்கார மைனா. ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டது. கரடிதான் குறை சொன்னது. தன் ஜீப் மூன்றாவது கியரில் அப்படி இருமாதாம்.

காத்தாயி இதைப் பார்த்துக்கொண்டே நின்றது. ஜீப்புக்கு ஓட்டம் உண்டு, சத்தமும் உண்டு. புது வண்டிக்கு ஓட்டம் குறைவு, சத்தம் இல்லை. இப்போது ஓட்டமும் குறைந்து சத்தமும் உள்ள ஒரு வண்டியை இவர்கள் நல்லபடியாகச் செய்து முடித்துவிட்டார்கள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டது. அழுதால் அதற்கும் ஒரு குழு போடுவார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் மீன்கொத்தி வந்தது. ஆற்றில் பாறை தெரிய ஆரம்பித்துவிட்டது என்றது. விடிந்தால் செந்நாய் கடந்துவிடும்.

இனிச் சபையிடம் கேட்டுப் பயனில்லை. காத்தாயி நேரே சடையாண்டியிடம் போனது. குரங்கு சக்கரத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, இப்போ எவ்வளவு இருக்கு?"

"நாப்பது."

"மேட்டுக்குப் போயிட்டு வர?"

"ஏறவே அறுபது வேணும்க்கா. இறங்குறதுக்கு ஒண்ணும் வேண்டாம். இறங்கும்போது சார்ஜ் கொஞ்சம் திரும்பி ஏறும்."

"நாப்பதுல எதுவரைக்கும் போகும்?"

சடையாண்டி சுரண்டுவதை நிறுத்தியது. நாலைந்து நாளாக அந்த வண்டியைப் பற்றி ஊரே பேசுகிறது. ஓட்டுகிறவனிடம் இதை ஒருத்தரும் கேட்கவில்லை.

"நாலாவது வளைவு" என்றது. "அதுக்கு மேல நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

போதும் என்றது காத்தாயி. மேட்டிலிருந்து நாலாவது வளைவுக்குப் புல்வழியாகக் கால்மணி நடை. தாய்கள் முன்னும் பின்னும் வந்தால் குட்டிகள் நடந்துவிடும். அந்தக் கால்மணி நேரம் செந்நாய் வேறு எங்கேயாவது இருக்க வேண்டும். அவ்வளவுதான். விடிந்ததும் புல்வழியாகக் குட்டிகளை நாலாவது வளைவுக்கு இறக்கிவரச் சொல்லி மீன்கொத்தியிடம் மேட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, கரடியைத் தேடிப் போனது.

உத்தண்டம் ஜீப்பின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. தினமும் பார்க்கும். எதையும் தொடாது.

"அண்ணே, உங்க ஜீப் சத்தம் எவ்வளவு தூரம் கேக்கும்?"

கரடி சந்தேகமாகப் பார்த்தது. "மூணு மலை தாண்டிக் கேக்கும். அதுக்கு என்ன இப்போ? நீயும் மயில் கட்சியா?"

"இல்லண்ணே. மூணு மலைக்குக் கேக்கிற வண்டி இந்தக் காட்டுல வேற இருக்கா?"

"ஏது?"

காத்தாயி விளக்கிச் சொன்னது. காலையில் ஜீப் மேற்கே மணலோடைப் பக்கம் போக வேண்டும். மெதுவாக. எவ்வளவு இருமுமோ அவ்வளவு இருமிக்கொண்டு. முயல் இருக்கிறது என்று நினைத்து செந்நாய் பின்னாலேயே போகும். மேட்டை மறந்துவிடும்.

"அதுங்க வந்து உங்களைக் கடிக்குமாண்ணே?"

"கடிச்சுப் பார்க்கட்டும்" என்றது கரடி. கொஞ்ச நேரம் கழித்து, தன் நகத்தைப் பார்த்தபடி, "போன மாசமே இதை யோசிச்சிருக்கணும்" என்றது. அது யாருக்குச் சொன்னது என்று காத்தாயி கேட்கவில்லை.

மயிலிடம் வேலை கொஞ்சம் கடினம். ஒலிபெருக்கியைக் கழற்ற வேண்டும் என்றதும் சிங்காரத்துக்குத் தோகை சரிந்தது. வெறும் வண்டியாகப் போனால் யார் மதிப்பார்கள் என்று கேட்டது. சத்தத்தில் போட்டி போட்டால் கரடிதான் ஜெயிக்கும், சத்தமே இல்லாமல் ஜெயித்தால் கரடி எதை வைத்துப் பேசும் என்று காத்தாயி திருப்பிக் கேட்டது. மயில் தலையைச் சாய்த்து யோசித்தது. தானும் கூட வருவதாகச் சொன்னது.

கடைசியில் தளபதி. காத்தாயி வாயைத் திறப்பதற்குள் வீரபாகுவுக்கு வியர்க்க ஆரம்பித்தது.

"நீங்க முடிவு எடுக்கவே வேண்டாம் ஐயா" என்றது காத்தாயி. "காலையில ரெண்டு வண்டிக்கும் சோதனை ஓட்டம். அவ்வளவுதான்."

வீரபாகுவின் முகம் மலர்ந்தது. இதைவிட நல்ல யோசனையை அது கேட்டதே இல்லை. தளபதி ஜீப்பில் ஏறினால் மணலோடைவரை காட்டுக்கே தெரியும்படி போகலாம் என்றும் காத்தாயி சொல்லிவைத்தது. ஒலிபெருக்கியையும் அதிலேயே கட்டிக்கொள்ளலாம்.

அது சும்மா சொன்னதில்லை. செந்நாய் கிட்டே வர யோசிக்கிற உடம்பு அந்தக் காட்டில் சிலதுதான். கரடி ஒன்று. காட்டெருமை ஒன்று.

விடிந்தது. முகாமில் சத்தம் போடக்கூடிய அத்தனையும் ஒரே ஜீப்பில் ஏறின. கரடி, தளபதி, மைனா, ஒலிபெருக்கி. பன்றிகள் தள்ளின. ஜீப் இருமியது. மைனா அதற்குப் பதில் இருமியது. ஒரே ஜீப், இரண்டு ஜீப் சத்தத்தோடு மேற்கே போனது. வாசலில் கீரி விறைத்து நின்று வணக்கம் வைத்தது. வீரபாகுவின் கண்ணில் நீர் கோத்தது.

செந்நாய்கள் அப்போதுதான் ஆற்றைக் கடந்து உடம்பை உதறிக்கொண்டிருந்தன. சத்தம் கேட்டது. காது நிமிர்ந்தது. இரண்டு வண்டி என்றால் இரண்டு மடங்கு இரை. மேட்டுப்பாதையை விட்டுவிட்டு மேற்கே ஓடின.

சடையாண்டி ஓட்ட, காத்தாயியும் மயிலும் உட்கார்ந்திருக்க, பேட்டரி வண்டி கிழக்குப் பாதையில் ஏறியது. சருகு நொறுங்கும் சத்தம் மட்டும்தான். முதல் வளைவில் முப்பது. இரண்டாவதில் இருபத்தொன்று. மூன்றாவது வளைவுக்கு முன்னால் பத்துக்கு வந்து, மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. சடையாண்டி விசிறியை நிறுத்தியது. மயிலின் முகத்தில் விசிறிக்கொண்டிருந்தது அது.

"கனம் அதிகம்க்கா" என்றது குரங்கு, யாரையும் பார்க்காமல்.

காத்தாயி குதித்து இறங்கியது. மயிலைப் பார்த்தது. சிங்காரம் கொஞ்ச நேரம் புரியாததுபோல் இருந்தது. பிறகு இறங்கியது. தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தான் போற்றிப் பேசிய வண்டிக்குப் பின்னால் மலையேறியது. முணுமுணுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நாலாவது வளைவில் தாய் முயல்கள் நின்றன. குட்டிகளை ஏற்றினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று... பதிமூன்று.

காத்தாயி மறுபடி எண்ணியது. பதிமூன்றுதான். இல்லாதது அதனுடைய கடைக்குட்டி.

எங்கேயோ புதருக்குள் இருக்கிறது என்று தாய்கள் சொன்னார்கள். இங்கே வந்து சேர்ந்ததும், வண்டிச் சத்தம் கேட்டால் வெளியே வாங்க என்று சொல்லிக் குட்டிகளை ஆளுக்கொரு புதரில் ஒளித்துவைத்தார்களாம்; மற்றவை வண்டியைப் பார்த்து வந்துவிட்டன. குட்டி சொன்னபடி கேட்கிறது. சத்தத்துக்காகக் காத்திருக்கிறது. வண்டி வந்து நின்று எவ்வளவு நேரம் ஆனாலும் அதற்குத் தெரியப் போவதில்லை.

கூப்பிட்டால் மலை எதிரொலிக்கும். காத்தாயி யோசிக்கவில்லை. பின்னங்காலால் தரையை அறைந்தது. தப். தப். தப். தாய் முயலின் அந்தத் தட்டு மண்வழியாகப் போகும், காற்றுவழியாகப் போகாது. மூன்றாவது தட்டுக்குப் புல் அசைந்தது. ஈச்சம்புதருக்குள்ளிருந்து இரண்டு காதுகள் வந்தன.

"வண்டி இன்னும் வரலியேம்மா" என்றது கடைக்குட்டி.

காத்தாயி அதைக் கழுத்தில் கவ்வி வண்டியில் போட்டது.

இறக்கம் சுகமாக இருந்தது. வண்டி தானாக உருண்டது. மீட்டரில் எண் கொஞ்சம் ஏறக்கூடச் செய்தது. சடையாண்டி முதல் தடவையாகச் சிரித்தது.

மேற்கே மணலோடையில் ஜீப் நின்றது. செந்நாய்கள் சுற்றி வளைத்தன. உள்ளே பார்த்தன. ஒரு கரடி. ஒரு காட்டெருமை. இருமிக்கொண்டிருக்கும் ஒரு மைனா.

செந்நாய்த் தலைவன் கொஞ்சம் தயங்கி, முயல் எங்கே என்று கேட்டது.

"அது என் துறை இல்லை" என்றது உத்தண்டம்.

வீரபாகு ஜீப்பிலிருந்து இறங்கியது. வெறுமனே இறங்கியது. கொம்பைக்கூட ஆட்டவில்லை. செந்நாய்கள் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு போயின.

மத்தியானம் பதினான்கு குட்டிகளும் முள்வேலிக்குள் புல் தின்றன. படையில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதனால் உடனே சபை கூடியது.

செந்நாயை இழுத்துப் போனது ஜீப்தான், ஆகவே டீசல் ஜெயித்தது என்றது உத்தண்டம். குட்டிகளைக் கொண்டுவந்தது பேட்டரிதான், ஆகவே பேட்டரி ஜெயித்தது என்றது சிங்காரம். நாலாவது வளைவோடு நின்ற வண்டி ஒரு வண்டியா என்றது கரடி. மணலில் சும்மா நின்றுவிட்டு வந்த வண்டி மட்டும் வண்டியா என்றது மயில். பன்றிகள் இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையாட்டின. வீரபாகுவுக்கு வியர்த்தது.

கடைசியில் காத்தாயியையே கேட்டுவிடலாம் என்று தளபதி சொன்னது. காத்தாயி மடியில் கடைக்குட்டியை வைத்து நக்கிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கவில்லை.

"நீயே சொல்லும்மா. ரெண்டுல எது நல்ல வண்டி?"

"நாளைக்கு என்ன வேலை ஐயா?"

வீரபாகு கரடியைப் பார்த்தது. கரடி மயிலைப் பார்த்தது. நாளைக்கு என்ன வேலை என்று அந்தச் சபையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"தெரிஞ்சதும் வந்து சொல்லுங்க" என்றது காத்தாயி. "எந்த வண்டின்னு அப்போ சொல்றேன்."

என்ன வேலை என்று தெரிந்துகொள்ளாமல் எந்தக் கருவி உயர்ந்தது என்று சண்டை போடுகிறவர்கள், கையில் இருக்கும் இரண்டையும் கெடுத்துவிடுவார்கள்.